தண்ணீரின் மேல் தண்ணீர்

மைசூரில் மார்கழி பிறந்துவிட்டால் ஹ்ருஷிகேஷின் கட்டைவிரலுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். சொந்தக்காரர்கள் யார் வீட்டில் அவரைக்கொட்டை ஊற வைத்தாலும் அவனுக்குத்தான் முதலில் போன் வரும். ஊறிய கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு பாத்திரத்தில் விழும். தமிழ்நாட்டுப் பக்கம் இதைப் பிதுக்கம்பருப்பு என்பார்கள். அவன் வீட்டில், தலைமுறை தலைமுறையாகக் கன்னடத்தோடு புழங்கிவிட்ட தமிழில், ஹிதுக்கின பேளெ. பருப்பு சிதையாமல், நகம் படாமல், பேசிக்கொண்டே ஒரு படியை முடித்துவிடுவான். டாக்டர் பட்டம் வாங்கியபோதுகூட அவனுக்கு இவ்வளவு கர்வம் இருந்ததில்லை. அந்தக் கர்வம்தான் ஒரு பெண்ணின் ஐந்து வருடப் படிப்பைக் கவிழ்க்கப் பார்த்தது.

அந்தப் பெண் தமிழ்ப்ரியா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மைசூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தின் புரதப் பிரிவில், ஜயம்மா மேடத்திடம் பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். ஹ்ருஷிகேஷும் அதே பிரிவில் விஞ்ஞானி. அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவன். அவளுக்கு அவன் ‘சார்’, அவனுக்கு அவள் ‘ப்ரியா’. பேச்சு தமிழில்தான் என்றாலும் இவன் தமிழ் அவளுக்குக் கோயில் தமிழாகவும், அவள் தமிழ் இவனுக்குச் சந்தைத் தமிழாகவும் கேட்டது. இரண்டுபேரும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

அவள் தேடிக்கொண்டிருந்தது அவரை விதைக்குள் இருக்கும் ஒரு சின்னப் புரதம். துவரைக் காயைத் துளைக்கும் புழு அதைத் தின்றால் அதன் வயிற்றில் செரிமானம் நின்றுபோகும். சுத்தமாகவும் மலிவாகவும் பிரித்தெடுக்க முடிந்தால், விஷ மருந்தைக் குறைத்துக்கொண்டு செடியைக் காப்பாற்றலாம் என்பது அவள் கனவு. புழு தின்ற துவரங்காட்டைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள், கனவு காண அவளுக்கு உரிமை உண்டு.

பிரித்தெடுக்க அவள் கையாண்ட முறை கேட்பதற்கு வேடிக்கையானது. பாலிஎதிலீன் கிளைக்கால் என்று மெழுகுபோல் ஒரு பொருள். அதைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு உப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் பரம சாது. சரியான அளவில் ஒன்றாக ஊற்றிக் குலுக்கி வைத்தால் ஒத்துப்போகாமல் பாகம் பிரித்துக்கொள்ளும். மேலே ஒரு தண்ணீர், கீழே ஒரு தண்ணீர், நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை. எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து நிற்பதில் அதிசயமில்லை. இங்கே இரண்டுமே தண்ணீர். விதைச் சாற்றை இதில் சேர்த்தால் ஒவ்வொரு புரதமும் தனக்கு ஒத்துவந்த பக்கம் போய் உட்காரும். அவளுடைய புரதம் மேலே ஏறும். மற்றதெல்லாம் பெரும்பாலும் கீழே தங்கும். மேல் அடுக்கை எடுத்து, அதோடு புது உப்புக்கரைசல் சேர்த்து, புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, கொஞ்சம் மாற்றினால் ஏறிய புரதம் கீழே இறங்கி வரும். அவ்வளவுதான்.

ஹ்ருஷிகேஷின் வித்தை வேறு. நீளக் கண்ணாடிக் குழாயில் விலை உயர்ந்த பிசின் மணிகளை அடைத்து, அதன் வழியே சாற்றைச் சொட்டுச் சொட்டாக இறக்கிப் புரதங்களைப் பிரிப்பவன் அவன். குழாயைத் தொட அவன் யாரையும் விடமாட்டான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு பெண் குடுவையில் குலுக்கிக் குலுக்கி வேலையை முடிப்பது எப்படிப் பிடிக்கும்?

“ரசம் தெளிய வெச்சு மேலாக்க வடிக்கறாப்லே இருக்கே. இதுக்குப் பேர் பிஎச்டியா?” என்று சீண்டுவான்.

“ரசம்னா ரசந்தானுங்க சார். தெளிவு நல்லாயிருந்தாப் போதும்” என்பாள் அவள், குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிறு அளவில் அவள் செய்ததெல்லாம் பலித்தது. சிக்கல் ஆய்வுக்குழுவிடமிருந்து வந்தது. ஒரு பிடி விதையில் பலித்தது இரண்டு கிலோவிலும் பலிக்குமா? இதுவரை அவள் எடுத்துவந்த அதே மூட்டை விதையில் செய்து காட்டினால் அத்தியாயம் நிற்கும். இல்லாவிட்டால் அதை நீக்கிவிட வேண்டும். அந்த அத்தியாயம் போனால் ஆய்வேட்டில் மிச்சமிருப்பது முன்னுரையும் நன்றியுரையும்தான் என்று சொல்லலாம். காலநீட்டிப்பும் முடிந்துவிட்டது. பட்டமில்லாமல் ஹனூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். மூட்டையில் மீதி இருந்த விதையோ இரண்டு தடவைக்குத்தான் காணும்.

வேலை தொடங்கிய அன்றே தோல் நீக்கும் சின்ன அரவை இயந்திரம் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோயிற்று. எப்போதும் காய்ந்த விதையை அதில் உடைத்துத் தோலைப் புடைத்துவிட்டுத்தான் அவள் மாவாக்குவாள். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற நிலையைக் கண்டதும் ஹ்ருஷிகேஷுக்கு மனசு இளகிவிட்டது. கர்வம் இருந்தாலும் ஈரமுள்ளவன்.

“ஐயோ பிடு, விட்டுத் தள்ளு, இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுப்பாளா? சாயங்காலம் ஊற வெச்சுட்டுப் போ. காலையிலே நான் வந்து ஹிதுக்கித் தரேன். ஒரு தோல் தங்காது, பார்த்துக்கோ.”

“உங்களுக்கு எதுக்குங்க சார் சிரமம்?”

“சிரமமா? எங்காத்துலே வந்து கேளு!”

மறுநாள் அவள் உப்பு வாங்கக் கிடங்குக்குப் போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. மேஜைமேல் இரண்டு பெரிய பாத்திரங்கள் நிறைய வெள்ளை வெளேரென்று பருப்பு. பக்கத்தில் தோல் தனியாக. ஹ்ருஷிகேஷ் கையைத் துடைத்துக்கொண்டு பரிசுக்காக நிற்கிற பையன் மாதிரி நின்றான். அவள் மனசாரக் கும்பிட்டாள்.

அதை அரைத்துச் சாறெடுத்து இரண்டடுக்கில் பிரித்தாள். அன்று மாலை சோதனைக் குழாய்கள் எல்லாம் மஞ்சளாயின. அவளுடைய சோதனையில் மஞ்சள் என்பது தோல்வி. செரிமான நொதியோடு ஒரு மருந்தைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். அவளுடைய புரதம் அங்கே இருந்தால் நொதியைக் கட்டிப்போட்டுவிடும், நிறம் வராது. இத்தனை நாளும் தெளிவாக நின்ற மேலடுக்கு இன்று பூசணிப்பூ நிறத்தில் சிரித்தது. அரைத்த அதே சாற்றில் மறுபடி செய்தாள். மறுபடியும் மஞ்சள். அடுத்த நாளும் அதே கதை.

ஹ்ருஷிகேஷுக்குப் பரிதாபமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பரிதாபத்துக்கு அடியில் ‘நான் அப்போதே சொன்னேனே’ என்கிற குரலும் இருந்தது. குடுவை வித்தை சின்ன அளவில் ஏதோ அதிர்ஷ்டத்தில் பலித்திருக்கிறது, பெரிய அளவில் பல்லை இளித்துவிட்டது என்று முடிவு கட்டினான். நல்லது செய்கிற நினைப்பில் ஜயம்மா மேடத்திடமும் போய்ச் சொன்னான். மேடம் அவனையும் உட்காரவைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ப்ரியா, பிடிவாதம் வேண்டாம்மா. ஹ்ருஷி தன்னோட குழாயிலே போட்டு எடுத்துத் தரேங்கறான். அத்தியாயத்தை அப்படியே மாத்தி எழுதிடலாம். உன் பேருக்கு ஒண்ணும் குறை வராது.”

தமிழ்ப்ரியா தன் கணக்கு நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். “அவுருக்கு நல்ல மனசுங்க மேடம். ஆனா அரைச்ச சாத்துலயே அது இல்லீங்களே. இல்லாதத எந்தக் குழாய்ல போட்டா எடுக்க முடியும்?”

ஹ்ருஷிகேஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அரைத்த சாற்றையே சோதிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. முறைமேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டான்.

“மேலடுக்குல பாத்தேன், கீழடுக்குல பாத்தேன், நடுவுல படிஞ்ச கசடுலயும் பாத்தேன். சந்தேகத்துக்குத் தோலக்கூட அரைச்சுப் பாத்துட்டேனுங்க. எல்லாஞ் சேத்தாலும் பழைய கணக்குல கால்வாசி தேறல. வெதை அதே வெதைதான். அப்ப அது எங்கிட்ட வாரதுக்கு முன்னாடியே எங்கியோ எறங்கீருச்சுங்க. நாம பாக்காத எடம் ஒண்ணு இருக்குது.”

அழுகிற பெண்ணுக்கு ஆறுதல் சொல்லக் காத்திருந்த இருவரும், அழாத ஒரு பெண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். ஐந்து வருடம் கையை விட்டுப் போகிற நேரத்தில், யார்மேலும் எரிந்து விழாமல், காணாமல் போன ஒன்றை ஒவ்வொரு வாசலாகத் தட்டி விசாரித்துக்கொண்டிருந்தாள். ஹ்ருஷிகேஷுக்கு முதல்முறையாக அவள்மேல் மரியாதை வந்தது.

வெளியே வந்து ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் அவள் நேராகக் கேட்டாள். “சார், கொட்டை ஊறுன தண்ணிய என்ன பண்ணுனீங்க?”

“என்ன பண்றது? கொட்டினேன்.” சிரிப்புகூட வந்தது அவனுக்கு. “கொட்டிட்டு ரெண்டு தரம் நன்னா அலம்பினேன். ஊறின தண்ணியை யாராவது வெச்சுப்பாளோ? நுரையும் வாசனையுமா, அதைக் கீழே கொட்டினப்புறம்தானே ஹிதுக்கவே உட்கார...”

வாக்கியம் பாதியில் நின்றது. அவன் கை தானாகச் செய்த காரியம் அது. பிறந்ததிலிருந்து எந்த வீட்டிலும் எந்தக் கையும் செய்கிற காரியம். புரதங்களோடு பாதி வாழ்க்கையைக் கழித்தவன், சமையலறைப் பழக்கத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்து, ஒரு அத்தியாயத்தையே சிங்க்கில் ஊற்றிவிட்டுக் கும்பிடும் வாங்கிக்கொண்டிருந்தான்.

“ப்ரியா, நான்...”

“எங்கூட்லயும் கொட்டத்தானுங்க செய்வோம். நானா இருந்தாலும் கொட்டீருப்பேன்” என்றாள் அவள். சமாதானத்துக்காகச் சொன்ன குரலில்லை. உள்ளதைச் சொன்னாள். அதற்குள் ஒரு பிடி விதையை எடுத்துக் குடுவையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டாள்.

மாலையில் அந்தத் தண்ணீரில் ஒரு துளியைச் சோதித்தார்கள். சோதனைக் குழாய் நிறம் மாறவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தார்கள். வெறும் தண்ணீர் மாதிரி தெளிவாக நின்றது. காணாமல் போனது அங்கேதான் இருந்தது.

ஹ்ருஷிகேஷ் பரபரத்தான். இனி வழி சுலபம். சந்தேப்பேட்டையில் பருப்பு உடைக்கிற கடைக்காரன் ஒருவனை அவனுக்குத் தெரியும். மிச்சமிருக்கிற இரண்டு கிலோவைக் காய்ந்தபடியே உடைத்து வாங்கிவந்தால் பழைய முறையில் செய்துவிடலாம். குழு கூட இன்னும் நாள் இருக்கிறது. வண்டிச் சாவியைக் கையில் எடுத்தேவிட்டான்.

“வேண்டாங்க சார்” என்றாள் தமிழ்ப்ரியா. “அரைக்க வேண்டாம். ஊற வெச்சு, அந்தத் தண்ணியவே ரெண்டடுக்குல போடலாம்.”

“ஏன் இப்படி? இருக்கறது ஒரே ஒரு தடவைக்கு விதை. பழைய முறை பலிக்கும்னு தெரியும். புதுசா ஒண்ணு பண்ணி அதுவும் போச்சுன்னா? சும்னே எதுக்கு இந்த விபரீதம்?” சும்மா என்பது அவன் வாயில் எப்போதும் சும்னேதான்.

அவள் குடுவையைத் தூக்கிக் காட்டினாள். “அரைச்சமுன்னா வெதைக்குள்ள இருக்கற ஊரே தெரண்டு வந்துருது. அதுல இத ஒண்ண மட்டும் பிரிக்கத்தான் அஞ்சு வருசமாப் பாடுபடறேன். ஊற வெச்சா இது தானா வாசலுக்கு வந்து நிக்குது. கூட வர்றது ரொம்பக் கொஞ்சம். வெதையே பாதி வேலையச் செஞ்சு குடுக்குதுங்க சார். அதப் பாத்ததுக்கு அப்பறம் எப்படிங்க பழையபடி அரைக்கறது?”

பயம் இல்லாமல் சொல்லவில்லை. சறுக்கினால் யாரும் தாங்கிப் பிடிக்கமாட்டார்கள் என்று தெரிந்தே ஒருத்தி காலை எடுத்து வைக்கிறாள் என்பது ஹ்ருஷிகேஷுக்குப் புரிந்தது. தன்னால் இது முடியாது என்பதும் புரிந்தது. பலிக்கும் என்று தெரிந்ததை மட்டுமே செய்து பேர் வாங்கியவன் அவன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை ஊறிய தண்ணீரை வடித்தபோது ஒரு சொட்டுகூடக் கீழே விழாமல் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் தேயிலை வடிநீர் போல் பழுப்பாக இருந்தது. அவள் உப்பைச் சேர்த்தாள், மெழுகுக் கரைசலைச் சேர்த்தாள், மெதுவாகக் கலக்கினாள். கலங்கிப் பால்போல் ஆயிற்று. பிறகு ஓரத்திலிருந்து தெளியத் தொடங்கியது. கீழே நிறைய, நிறமில்லாத தண்ணீர். மேலே மெல்லிசாக ஒரு அடுக்கு, காப்பி டிகாக்ஷன் நிறத்தில்.

ஹ்ருஷிகேஷ் பாத்திரத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான். தோலின் சாயம் மொத்தமும் மேலே ஏறிவிட்டது. அவளுடைய புரதம் ஏறுகிற அதே இடத்துக்கு. சாயத்தோடு கலந்த புரதத்தை எந்தக் குழு ஒப்புக்கொள்ளும்? ஐயோ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

தமிழ்ப்ரியா அந்தப் பழுப்பை உறிஞ்சி வேறு குடுவைக்கு மாற்றினாள். புது உப்புக்கரைசலை ஊற்றினாள். புளிப்பைச் சொட்டுச் சொட்டாகச் சரிசெய்தாள். கலக்கி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடுக்குகள் பிரிந்தன. சாயம் அசையவில்லை. மேலேயே, மெழுகுத் தண்ணீரிலேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டது. கீழே இறங்கிய தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. அவள் அதில் ஒரு துளியை எடுத்துச் சோதித்தாள். மஞ்சள் வரவேயில்லை.

“எறங்கீருச்சுங்க” என்றாள் மெதுவாக. “அழுக்க மேலயே உட்டுப்போட்டு இது மட்டும் எறங்கீருச்சு.”

ஹ்ருஷிகேஷ் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தான். தண்ணீரின் மேல் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை, வடிகட்டி இல்லை, அவன் வாழ்நாளெல்லாம் நம்பிய பிசின் மணிகளில் ஒன்றுகூட இல்லை. இரண்டு தரம் குலுக்கியதில், ஆறு லிட்டர் கலங்கல் தண்ணீரிலிருந்து ஒரு டம்ளர் தெளிவு வந்திருந்தது.

வேறு கை ஒன்று சரிபார்த்தால்தான் குழு நம்பும். மேடம் அந்தப் பொறுப்பை ஹ்ருஷிகேஷிடம் கொடுத்தார். அவன் மாதிரியைத் தன் குழாயில் இறக்கினான். ஒரு புரதத்துக்கு ஒரு மேடு என்பது கணக்கு. கணினித் திரையில் ஒரே ஒரு மேடு எழும்பி இறங்கியது. மறுநாள் கருவியைக் கழுவித் துடைத்து மறுபடி ஓட்டினான். அதே மேடு. அதற்கடுத்த நாளும் ஓட்டினான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான்.

குழு கூடிய அன்று வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நரசிம்மமூர்த்தியிடம்தான் எல்லோருக்கும் பயம். அத்தியாயங்களை வெட்டுவதில் பேர் போனவர். அவரும் தமிழர்தான், மேல்கோட்டைக்காரர். கோபம் வந்தால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இறங்கிவிடுவார். தமிழ்ப்ரியா பேசினாள். ஊறவைக்கும்போது ஏற்பட்ட இழப்பு என்று மட்டும் சொன்னாள். கொட்டியது யார் என்று சொல்லவில்லை. அவர் கடைசிவரை தலையசைக்காமல் கேட்டார்.

“ஒரு குழாய்கூட இல்லாம இவ்வளவு சுத்தமா? யார் சரிபார்த்தா?”

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஹ்ருஷிகேஷ் எழுந்தான். “நான்தான் சார்.”

“என்ன பார்த்தே?”

“ஒரே மேடு சார். வேறெ ஒண்ணும் இல்லை.”

“ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றியா?”

“மூணு தடவை.”

“மூணா? அப்போ உனக்கே சந்தேகம் இருந்திருக்கு. அதைச் சொல்லு முதல்லே.”

தமிழ்ப்ரியா மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அவள் பட்டம் அவன் வாயில் இருந்தது. வழக்கமான ஒரு பதிலைச் சொல்லி உட்கார்ந்திருக்கலாம். ஹ்ருஷிகேஷுக்கு அது வரவில்லை.

“முதல் தடவை சந்தேகத்துலேதான் ஓட்டினேன் சார். அழுக்கு கிடைக்கணும்னு ஆசைப்பட்டேன். இத்தனை வருஷம் குழாயைக் கட்டிண்டு அழுதவன் நான். இவ குடுவையிலே குலுக்கி எடுத்ததை எப்படி ஒத்துக்கறது? ரெண்டாவது தடவையும் அதைத்தான் தேடினேன். கிடைக்கல்லே.”

“மூணாவது தடவை?”

ஹ்ருஷிகேஷ் தமிழ்ப்ரியாவைப் பார்த்தான்.

“மூணாவது தடவை எதையும் தேடல்லே சார். சும்னே பார்த்துண்டு இருக்கணும்னுதான் ஓட்டினேன். அவ்வளவு அழகா இருந்தது.”

நரசிம்மமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஜயம்மா மேடத்தின் பக்கம் திரும்பி, அத்தியாயம் ஆய்வேட்டிலேயே இருக்கட்டும் என்றார். அத்தனை நாளும் கண் கலங்காத தமிழ்ப்ரியா அப்போதுதான் அழுதாள்.